கழுவிய இன்ஜின்

இது நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகும் வழியில், பஸ் நின்றும் நிற்காமலும் போகிற சின்ன ஊர் எங்களுடையது. பங்குனி மாதம். மக்காச்சோளம் அறுத்து முடிந்து காடெல்லாம் மொட்டையாகக் கிடந்தது. எங்கள் வீட்டு வாசலில் நின்ற பழைய பிக்கப் வண்டியை விற்றுவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் சொந்த வண்டி ஓட்டியவர். தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி மூட்டை, கமிஷன் கடைக்கு உளுந்து, மிளகாய் வத்தல் என்று யார் எதைக் கொடுத்தாலும் ஏற்றிக்கொண்டு போவார். யாரோ ஓட்டித் தேய்த்த வண்டியை வாங்கி, கட்டிய பெண்டாட்டியைவிட அதைத்தான் நன்றாகக் கவனித்துக்கொண்டார். நான் அதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது. அந்தத் தை மாதம்தான் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆனால் தண்ணீர் கொடுத்து, துடைத்துவிட்டு, திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டே இருந்ததில் எனக்கு அது மறந்தே போயிருந்தது.

வண்டியைப் பார்க்க இரண்டு பேர் வருகிறார்கள் என்று புரோக்கர் சொல்லி அனுப்பினார். பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சோப்புத் தூளைக் கரைத்து வண்டியைக் கழுவினேன். பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் இன்ஜின் முழுக்கக் கரிசல் தூசி. அதையும் விடவில்லை. வாளி வாளியாக ஊற்றித் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினேன். வாசலில் கட்டிலில் படுத்திருந்த அவர் இடது கையை ஆட்டி ஆட்டி ஏதோ சத்தம் போட்டார். வண்டி கையைவிட்டுப் போகிற வருத்தம் என்று நினைத்தேன். "எனக்கு மட்டும் ஆசையா? சும்மா படுங்க" என்று அதட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன். வந்தவர்கள் முன்னால் ஸ்டார்ட் ஆகாமல் மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்று, சாவியைத் திருகி வண்டியை ஓடவும் விட்டு வைத்தேன்.

வந்தவர்களில் ஒருவர் முதலில் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். அது கொதித்தது. இன்னொருவரைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே பார்த்துவிட்டு இன்னொரு சிரிப்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, "இன்ஜின் செத்துப் போச்சு. காயலான் கடைக்குத்தான் ஆகும்" என்றார். போட்டு வைத்த காப்பியைக்கூடத் தொடாமல் போய்விட்டார்கள்.

எனக்குப் போனது ஒரு வியாபாரம்தான். அவருக்கு அப்படி இல்லை. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று ஊட்டிய கஞ்சி வாயிலிருந்து வழிந்தது. மறுநாளும் அப்படித்தான். உயிரைக் கொடுத்துப் பார்த்துக்கொண்ட ஒரே பொருளைச் செத்துப் போச்சு என்று காதுபடச் சொல்லிவிட்டார்கள். அவர் இனிமேல் சாப்பிடவே மாட்டார், இப்படியே போய்விடுவார் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்த நிலைமையில்தான் கடம்பூர்ப் பக்கத்து ஆட்டு வியாபாரி ஒருவர் சாயங்காலம் வந்து நின்றார். சந்தைக்கு ஆடு ஏற்றப் பழைய வண்டி தேடுகிறாராம். டீக்கடையில் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். பானெட்டைத் தூக்கிப் பார்த்தவர், "இதை யாரு அக்கா கழுவுனது?" என்று கேட்டார்.

"நான்தான். பாக்க நல்லா இருக்கட்டும்னு."

"கழுவுன இன்ஜினைப் பாத்தா, வாங்க வாறவன் எதையோ ஒளிக்காவன்னுதான் நெனைப்பான். எண்ணெய் எங்கன கசியுதுன்னு தூசியப் பாத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்."

வண்டியை எடுத்துக்கொண்டு காட்டுப் பாதையில் ஒரு சுற்றுச் சுற்றிப் புழுதியோடு கொண்டுவந்து நிறுத்தினார். "ராத்திரி பூரா ஆறட்டும். சூடா இருந்தா எந்த வண்டியும் உடனே ஸ்டார்ட் ஆயிரும், உள்ள இருக்க கோளாறு தெரியாது. காலையில நான் வந்து கையை வைக்கிற வரைக்கும் சாவியைத் தொட்றாதிய" என்றார். போகும்போது கட்டிலைப் பார்த்தார். "வண்டி அவிய ஓட்டுனதா? அப்போ அவியகிட்டல்லா கேக்கணும்."

"அவியளுக்குப் பேச வராது" என்றேன்.

"காது கேக்கும்லா?"

கட்டிலுக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தார். "அண்ணாச்சி, ஆமான்னா கையைத் தூக்குங்க. இல்லன்னா சும்மா இருங்க. இன்ஜினைப் பிரிச்சு ஹெட்டு இறக்கி வேலை பாத்திருக்கா?"

விலை குறைந்துவிடுமே, தூக்கிவிடக் கூடாதே என்று நான் சாமியைக் கும்பிட்டேன். கை மெதுவாக மேலே போனது. இன்ஜின் சூடாகித்தான் ஹெட்டு போனதா என்று அடுத்த கேள்வி. கை மறுபடியும் போனது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதற்கப்புறம் தொந்தரவு உண்டா என்று கேட்டதற்குக் கை அசையவில்லை. வியாபாரி தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

சொன்னபடி காலையில் வந்தார். பானெட் குளிர்ந்து கிடந்தது. இன்ஜின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். "எண்ணெய் கசிஞ்சிருந்தா களி மாதிரி ஒட்டியிருக்கும். இது காஞ்ச தூசி." சாவியைத் திருகியதும் வண்டி பிடித்துக்கொண்டது. கொஞ்சம் புகை வந்து அப்புறம் நின்றுவிட்டது. ஓடும்போதே ஆயில் மூடியைக் கழற்றி, கவிழ்த்து அந்த வாயிலேயே வைத்தார். இன்ஜின் உள்ளே தேய்ந்திருந்தால் காற்று முட்டி மூடி துள்ளுமாம். அது நடுங்கியதே தவிர துள்ளவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, ஆயில் அளக்கிற குச்சியை உருவி நேராகக் கட்டிலுக்குக் கொண்டு வந்தார். அதிலிருந்து ஒரு சொட்டை என் வீட்டுக்காரரின் இடது கை விரலில் வைத்தார்.

அவர் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தார். எண்ணெயில் இரும்புத் தூள் நறநறக்கிறதா என்று பார்க்கிறார் என்றார் வியாபாரி. விழுந்த நாளிலிருந்து அவரை யாரும் ஒரு வேலை செய்யச் சொன்னதில்லை.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவரோ வண்டியின் முன்பக்கத்தைக் காட்டிச் சத்தம் போட ஆரம்பித்தார். "போதும், கையை இறக்குங்க" என்றேன். அவர் கேட்கவில்லை. வியாபாரி பொறுமையாக ஒவ்வொரு பாகமாகப் பேர் சொல்லிக்கொண்டே வந்தார். ஃபேன் பெல்ட்டா, ரேடியேட்டரா, வாட்டர் பம்பா, கீழ் ஹோஸா? கை மேலே போனது. வியாபாரி மண்ணில் படுத்து உள்ளே கையை விட்டுப் பார்த்தார். ரேடியேட்டருக்குக் கீழே போகிற ரப்பர்க் குழாய் உப்பிப் போயிருந்தது.

"லோடோட ஏத்தத்துல போகையில வெடிச்சிருந்தா மறுபடியும் ஹெட்டு போயிருக்கும். நல்லதுக்குச் சொன்னிய அண்ணாச்சி. ஹோஸை நான் மாத்திக்கிடுதேன். வண்டிய நானே எடுத்துக்கிடுதேன்."

விலையையும் என்னிடம் பேசவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடமே பேசி, அவர் கை தூக்கிய இடத்தில் முடித்தார்.

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் ஒரு கிண்ணம் கஞ்சி குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று பாத்திரத்தைக் காட்டினார். அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்துதான் இரண்டாவது கிண்ணத்தை ஊட்டினேன். ஊட்டிக்கொண்டே கேட்டேன். "அன்னைக்கு இன்ஜினைக் கழுவாதேன்னுதான் சத்தம் போட்டியளா?" கை தூக்கினார். அவர் விழுந்த பிறகு அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அதற்கப்புறம் ஒரு வருடம் போல இருந்தார். இருக்கிற துண்டுக் காட்டை யாருக்குக் குத்தகைக்கு விடுவது, யார் வீட்டு விசேஷத்துக்கு என்ன செய்வது, குழம்பில் உப்புச் சரியா என்று எல்லாவற்றையும் அவரிடமே கேட்டேன். என்னோடு ஒத்துப்போகாதபோது கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு என்னை முறைப்பார். அந்த ஆட்டு வியாபாரி மட்டும் வந்திராவிட்டால், எல்லாம் தெரிந்த ஒரு மனிதரைக் கடைசி வரை ஊமையாகவே வைத்திருந்து அனுப்பியிருப்பேன்.