மூன்று பொத்தான் ரெக்கார்டரும் மில் சங்கும்

என் அப்பாவைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. சங்கு என்பார்கள். ஷிப்ட் மாற ஊதுகிற மில் சங்கு. முப்பத்தொரு வருஷம் நெசவு மில்லின் தறிக்கூடத்தில் நின்றவர். இருநூறு தறி ஒன்றாக ஓடும் இடத்தில், பக்கத்தில் நிற்பவனிடம் நூல் அறுந்துவிட்டது என்று சொல்ல அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். அந்தக் குரலை மில் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் தண்ணீர் கேட்டால் நாலாவது வீட்டில் எட்டிப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரர், "உங்கப்பா என்னிக்காவது ரகசியம் பேசுனா சொல்லு, அன்னிக்குக் கடைக்கு லீவு விடறேன்" என்பார்.

போன வருஷம் ஒரு காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. பத்து நாளில் வலது காலும் கையும் ஓரளவு திரும்பின. குரல் திரும்பவில்லை. சொல்ல வந்தது கண்ணில் தெரியும். வாய் வரைக்கும் வரும், அங்கே நின்றுவிடும். காற்று மட்டும் வெளியே வரும். அந்த வீட்டில் அவர் சத்தம் இல்லாமல் ஒரு வாய் சோறு சாப்பிட என்னால் முடியவில்லை. யாரோ செத்த வீட்டில் சாப்பிடுகிற மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சரம்மா ஒருத்தி இருந்தாள். சின்ன வயசு, கறாரான பேச்சு.

"முதல் ஆறு மாசம்தான் முக்கியம். அதுக்குள்ள எவ்வளவு வருதோ அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை தவிர தினம் ஒரு மணி நேரம் எதிர்ல உக்காந்து வாய் அசைவைக் காட்டி, ஒவ்வொரு வார்த்தையா சொல்ல வைக்கணும். அவர் தெளிவா இருக்கற நேரமாப் பாத்து வெச்சுக்கங்க."

அப்பா தெளிவாக இருப்பது மதியத் தூக்கம் முடிந்து எழும் நாலு மணிக்கு. அஞ்சு அடித்தால் களைத்துவிடுவார், தலை தொங்கிவிடும். அந்த நாலிலிருந்து அஞ்சுதான் அம்மாவின் இரண்டு சீரியல். ஆறு வருஷமாக ஒரு நாள் விடாமல் பார்ப்பவள், புருஷனுக்காக ஒரே நாளில் விட்டுவிடத் தயாராக இருந்தாள். வம்பு அப்பாவிடமிருந்து வந்தது. நாலு மணிக்கு டிவியைப் போடாவிட்டால் இடது கையால் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அழுகாச்சிக் கதை என்று ஆறு வருஷமாகத் திட்டிக்கொண்டே அவரும் ஒன்று விடாமல் பார்த்திருக்கிறார். எனக்கு அப்போதுதான் தெரியும்.

சரி, சீரியலைப் பதிந்து வைக்க ஒரு ரெக்கார்டர் வாங்கிவிடுவோம், சாயங்காலம் சாவகாசமாகப் பார்க்கட்டும் என்று முடிவு பண்ணினேன்.

முடிவு பண்ணுவது சுலபம். என் வீட்டுப் பெரியவர்கள் இருவரும் பொத்தானைக் கண்டால் மிரளுகிற ஜாதி. நான் வாங்கிக் கொடுத்த துணி துவைக்கும் மெஷினை அம்மா தினம் துடைத்து வைப்பாள், துணியைக் கையால் துவைப்பாள். இருநூறு தறிக்கு நடுவில் புழங்கிய அப்பா, ரிமோட்டைத் தேளைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் தூக்குவார். ஒரு தடவை திரை முழுக்க நீலமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் வரும்வரை நாலு நாள் அந்த நீலத்துக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். "நாங்க ஒண்ணும் பண்ணலடா" என்றாள் அம்மா, போலீஸிடம் சொல்வதைப் போல.

நான் படித்தது ஏழாவது. கிரில், கேட் செய்கிற பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று கடை ஏறினேன். முதல் கடையில் காட்டிய ரிமோட்டில் ஐம்பத்திரண்டு பொத்தான், எண்ணிப் பார்த்தேன். "இதை போன்லயே இயக்கலாம் சார்" என்றான் விற்பவன். "எங்கம்மாவுக்கு போன்ல போனே பேச வராதுப்பா" என்று இறங்கிவிட்டேன். இரண்டாவது கடைப் பெட்டி, திறந்தவுடன் ரகசிய எண் கேட்டது. மூன்றாவது கடையில் ஒரு பெண் இருந்தாள். அவள்தான் முதலில் கேட்டாள்: "யாருக்கு சார்?"

"அப்பா அம்மாவுக்கு."

"அப்ப இதை எடுங்க. சீரியலை ஒரு தடவை நீங்க குறிச்சு வெச்சாப் போதும், தினம் தானாப் பதிஞ்சுக்கும். டிவி ஆஃப்ல இருந்தாலும் பதியும். பதியும்போது முன்னால பெருசா லைட் எரியும் பாருங்க."

போட்டுக் காட்டினாள். எலுமிச்சம்பழ அளவில் சிவப்பாக எரிந்தது. கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலே தெரியும், பதிகிறதா இல்லையா என்று பயப்பட வேண்டாம். அந்த விளக்குக்காகவே அதை வாங்கினேன்.

அதன் ரிமோட்டிலும் இருபத்தாறு பொத்தான் இருந்தது. பட்டறைக்குக் கொண்டுபோய், மெல்லிய தகடு வெட்டி, ரிமோட்டுக்கு மேல்சட்டை மாதிரி மடித்து, மூன்றே ஓட்டை போட்டேன். ஒன்று பட்டியல் வர, ஒன்று ஓட, ஒன்று நிற்க. விளிம்பை அரம் போட்டு மழுக்கி, திருகாணி வைத்து முடுக்கினேன்.

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மத்த பொத்தானெல்லாம்?"

"உள்ள இருக்கு. உனக்கு வேண்டாம்."

"பாவம், மூச்சு முட்டப் போகுது."

"லைட் எரிஞ்சா பதியுதுன்னு அர்த்தம். அப்ப எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு ஒரே பெருமை. பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்த மூன்று ஓட்டைத் தகட்டைப் பற்றிச் சொன்னேன்.

மூன்று மாசம் ஓடியது. நான் போவது ஞாயிற்றுக்கிழமை, சீரியலும் பயிற்சியும் இல்லாத நாள். போகும்போதெல்லாம் கேட்பேன், பயிற்சி நடக்கிறது என்பாள் அம்மா. அப்பா வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது டீச்சரம்மா முகத்தைச் சுளித்தாள்.

"உதடு நல்லா அசையுது. நாக்கும் திரும்புது. சத்தம் மட்டும் எடுக்க மாட்டேங்கறாரு, எதுக்கோ பயந்த மாதிரி. வீட்ல பண்றீங்களா, இல்லையா?"

"தெனம் நாலு மணிக்கு உக்கார்றோம்மா. ஒரு நாள் விட்டதில்ல."

"நாலு மாசம் போயிடுச்சு. இன்னும் ரெண்டு மாசம். அதுக்கப்புறம் நான் எதுவும் சொல்ல முடியாது."

வரும் வழியில் பஸ்ஸில் அம்மாவைப் பிடித்து உலுக்கிவிட்டேன். பொய் சொல்கிறாய், அவரைத் தூங்கவிட்டு நீ படுத்துக்கொள்கிறாய் என்றெல்லாம் பேசினேன். அவள் இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த புதன்கிழமை. அப்பா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குக் கேட் மாட்டும் வேலை நாலு மணிக்கு முடிந்தது. பஸ்ஸில் பேசியது உறுத்திக்கொண்டே இருந்ததால் வீட்டுப் பக்கம் நடந்தேன். அழைப்பு மணியை அழுத்தினேன். மணி அடிக்கவில்லை. இன்னொரு தடவை, ஊஹூம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

இரண்டு நாற்காலி, எதிரெதிரே, முட்டியோடு முட்டி இடிக்க. மின்விசிறி ஓடவில்லை. இருவர் முகத்திலும் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. அம்மா வாயை அகலத் திறந்தாள். அப்பா திறந்தார். அம்மா உதட்டைக் குவித்து ஏதோ நீளமாகச் சொன்னாள். அப்பாவும் குவித்து, கழுத்து நரம்பு புடைக்க அதையே சொன்னார். அம்மா சிரித்துக் கையைத் தட்டினாள், உள்ளங்கைகள் படாமல்.

ஒரு சத்தமும் இல்லை.

என் காதுதான் போய்விட்டது என்று நினைத்தேன். இருபத்தைந்து வருஷம் கிரைண்டரும் சுத்தியலும். டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கினேன், கேட்டது. பக்கத்து வீட்டில் தையல் மெஷின் கடகடவென்று ஓடுவது கேட்டது. என் காதுக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேர் பேசுகிறார்கள், வாய் பேசுகிறது, வீடு ஊமையாக இருக்கிறது. அம்மாவுக்குமா வந்துவிட்டது?

கதவைத் தட்டோ தட்டென்று தட்டினேன். அம்மா நுனிக்காலில் ஓடி வந்து திறந்தாள். "என்னம்மா ஆச்சு" என்று வாயெடுத்தேன், ஈரக் கையால் என் வாயைப் பொத்தினாள். உள்ளே அப்பா கண்ணை உருட்டி என்னை முறைத்து, இடது கையால் ரெக்கார்டரைக் காட்டினார். எலுமிச்சம்பழ விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போய்க் கதவைச் சாத்திக் கிசுகிசுத்தாள். "பதியுதுடா."

"பதிஞ்சா?"

"நம்ம பேச்சும் உள்ள போயிடும்ல."

தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஆறு வருஷம் கடல் தாண்டி வேலை பார்த்தபோது, எழுத வராத இருவரும் டேப் ரெக்கார்டரில் பேசி கேசட் அனுப்புவார்கள். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தால் அப்பாவைத் தவிர யாரும் மூச்சு விடக்கூடாது. ஒரு தடவை அம்மா தட்டைக் கீழே போட்டதற்கு அரை மணி நேரப் பேச்சை முதலிலிருந்து பேசியிருக்கிறார். அவர்களுக்குத் தெரிந்த ஒரே ரெக்கார்டர் அதுதான்.

"யாரும்மா உனக்கு இப்படிச் சொன்னது?"

"சொல்லணுமா? மொத நாளே இவரு இருமிட்டாரு. சாயங்காலம் போட்டா சீரியல்ல இருமல் கேக்குது."

"அதுல ஒரு கிழவர் படுத்த படுக்கையா இருக்காரும்மா. அவரு இருமியிருப்பாரு."

"நாப்பத்தஞ்சு வருஷமா இவரு இருமலைக் கேக்கறேன். எனக்குத் தெரியாதா?"

அன்றிலிருந்து அப்பா இருமல் வந்தால் கொல்லைக்கு வந்துவிடுகிறாராம். மணிக்குள் துணி அடைத்தாகிவிட்டது. காற்றுச் சத்தம் விழும் என்று மின்விசிறியும் நிறுத்தம்.

"டீச்சரம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"பண்றீங்களான்னு கேட்டா. பண்றோம்னேன். சத்தமாப் பண்றீங்களான்னு கேக்கலையே. வாய் அசைவுதானடா முக்கியம்னா. அஞ்சு மணிக்கு மேல சத்தமா வெச்சுக்கலாம்னு பாத்தா மனுஷன் தூங்கிடறாரு, ஏழு மணிக்கு எழுந்தா சீரியல் பாக்க மட்டும்தான் தெம்பு."

மூன்று மாசம். அப்பாவின் வாயைக் கட்டிப்போட்டது நோய் பாதி என்றால், விளக்கு பெரிதாக இருக்கிறதே என்று தேடி வாங்கிய நான் பாதி. பஸ்ஸில் அவளைப் பேசிய பேச்சு வேறு நெஞ்சில் குத்தியது.

"அது கம்பி வழியா வர்றதை மட்டும்தான் பதியும். அதுக்குக் காது கிடையாதும்மா."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ ஏழாவதுதானடா படிச்சே."

பேசிப் புண்ணியமில்லை என்று உள்ளே போனேன். அம்மா பின்னாலேயே ஓடி வந்து சட்டையைப் பிடித்தாள். "இன்னிக்கு வேண்டாம்டா, இன்னிக்குத்தான் கதையில கோர்ட்டுத் தீர்ப்பு." நான் ரெக்கார்டருக்கு முன்னால் நின்று, "அப்பா, என்னைத் திட்டுங்க" என்று கத்தினேன். அலமாரியிலிருந்த தட்டை எடுத்துக் கரண்டியால் அடித்தேன். அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "போச்சு, எல்லாம் போச்சு" என்று நாற்காலியில் விழுந்தாள்.

அப்பா முகம் சிவந்தது. கைப்பிடியை ஊன்றி எழுந்தார். சின்ன வயதில் தகரத்தைத் தட்டிக்கொண்டே திரிந்ததால் எனக்கு அவர் வைத்த பேர் தகரம். அவர் நாக்கு மேலே போய் ஒட்டுவது தெரிந்தது.

"த்... தக... ரம்."

கரகரப்பாக, எண்ணெய் விடாத தறி இழுக்கிற மாதிரி. நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"வா... ய... மூடு."

அம்மா காதிலிருந்து கையை எடுத்தாள். பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் நின்றது. நாலு மாசம் கழித்து அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, சத்தம் போடாதே என்பது. அவரும் திகைத்துப்போய்த் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அஞ்சு மணிக்கு விளக்கு அணைந்தது. அன்று அவர் தூங்கவில்லை. அம்மா முதல் ஓட்டையையும் இரண்டாவது ஓட்டையையும் அழுத்தினாள். தீர்ப்பு சுத்தமாக வந்தது. தட்டும் இல்லை, நானும் இல்லை. டிவியில் காதை வைத்துக் கேட்டவள், "இல்லடா, நம்ம சத்தம் எதுவுமே இல்ல" என்று மூச்சு விட்டாள்.

அப்பா முன்னால் குனிந்து கடைசிவரை காத்திருந்தார். முடிந்ததும் தன் வாயைக் காட்டினார், பிறகு ரெக்கார்டரைக் காட்டினார். எங்கே என்று கேட்டது கண்.

"அதுல இருக்காதுப்பா."

அவர் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கோபம் பெட்டி மேல் திரும்பியது. "மூணு மாசமா இதுக்குப் பயந்து வாயை மூடிட்டு உக்காந்திருந்தோம். இவ்வளவு பாடுபட்டு மனுஷன் ஒரு வார்த்தை சொன்னாரு, அதைக்கூடப் பதியத் தெரியல இந்த மூதேவிக்கு."

ஜன்னலில் தையல்காரர் நின்றுகொண்டிருந்தார், கழுத்தில் அளவு நாடாவோடு.

"எனக்குக் கேட்டுச்சே. தகரம், வாய மூடு. சரியா?" என்றார்.

அப்பா அவர் பக்கம் திரும்பினார். மூச்சை இழுத்துக்கொண்டார். "வா... ய மூடு" என்றார் அவரிடமும், முன்னைவிடச் சத்தமாக.

அம்மா எழுந்து போய் மின்விசிறியைப் போட்டாள்.