ஒரே மணி நேரத்தில் மதுரை

போன வாரம் கால் டாக்சியில் ஏறியதுமே மல்லிகை சென்ட் குப்பென்று அடித்தது. டாஷ்போர்டில் ஒரு சின்னப் புட்டி. "அண்ணா, அதை எடுத்து உள்ள வெச்சிடுங்களேன்" என்றேன். டிரைவர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். பக்கத்திலிருக்கும் சூளகிரியிலிருந்து ஓசூர் வருவதற்குள்ளேயே எலுமிச்சம்பழம் தேடுகிற ஆள் நான். ஆனால் இந்த வாசனை வந்தால் குமட்டலோடு எங்கள் பழைய மேனேஜரும் சேர்ந்தே வந்துவிடுவார்.

அப்போது ஓசூரில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. ஜெயந்தி என் ரூம்மேட். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. கேன்டீன் சாம்பாரை முகர்ந்துவிட்டு, "இது சாம்பாராடி, கை கழுவுன தண்ணியாடி?" என்று சத்தமாகக் கேட்பாள். எங்கள் அசெம்ப்ளி லைனே சிரிக்கும்.

ஒருநாள் காலை ஷிப்ட் தொடங்கியதும் அவளுக்கு ஊரிலிருந்து போன். அப்பாவுக்கு நெஞ்சுவலி, மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், மகளைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். உடனே பஸ் பிடித்தால் சாயங்காலம் போய்விடலாம். இரண்டு பேரும் மேனேஜர் முன்னால் போய் நின்றோம்.

அன்றைக்கென்று வெளிநாட்டுக்காரர்கள் லைனைப் பார்க்க வருகிறார்கள். ஒரு சீட்டும் காலியாக இருக்கக் கூடாது. மனுஷர் கம்ப்யூட்டரைத் தட்டி, திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"பாரும்மா, பெங்களூர் டு மதுரை, ஃப்ளைட்ல ஒரே மணி நேரம். பஸ்ல எதுக்குக் கஷ்டப்படுற? சாயங்கால டிக்கெட் நானே போடறேன். விசிட் முடிச்சிட்டுப் போ."

அந்தத் தாராளத்தை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை கசக்கிறது. அன்று கசக்கவில்லை. ஏரோப்ளேன் என்றதும் வாயைப் பிளந்து, "நல்ல மனுஷன்டி" என்றேன்.

வந்தவர்கள் ஜெயந்தியின் தோளுக்குப் பின்னால் நின்று ஒயர் கட்டுவதை ரசித்தார்கள். அவள் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சூப்பர்வைசர் குனிந்து, "சிரிச்ச முகமா இரும்மா" என்று காதில் சொல்லிவிட்டுப் போனார். தூ!

சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் விட்டார்கள். மேனேஜரின் காரையே கொடுத்தார்கள். உள்ளே அந்த மல்லிகை சென்ட். துணைக்கு நானும் ஏறினேன்.

பெங்களூரின் பழைய ஏர்போர்ட் ஓசூர்க்காரர்களுக்குப் பக்கம். ஆனால் அதை மூடிவிட்டு, புதுசை நகரத்தையே தாண்டி வடக்கே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். மாதாமாதம் பறக்கிற மேனேஜருக்கு இது தெரியாதா? அத்திப்பள்ளிச் செக்போஸ்ட்டில் லாரி வரிசை. அதைத் தாண்டினால் கட்டி முடிக்காத மேம்பாலம், சிமென்ட் தூசி, நகராத வண்டிகள். டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுக் கையை விரித்து, "ஜாம் மேடம், ஏனு மாடோது? என்ன பண்றது?" என்றார்.

"அண்ணே, இன்னும் எம்புட்டுத் தூரம்?" ஜெயந்தி இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். சென்ட் வாசனையில் நான் பிளாஸ்டிக் கவரில் வாந்தி எடுத்தேன். துணைக்குப் போனவளின் தலையை அவள்தான் பிடித்துக்கொண்டாள்.

நகரத்தைத் தாண்டுவதற்குள் அவளுக்குப் போன் வந்தது. அவள் தம்பி. கேட்டாள், "சரிடா" என்றாள், போனை மடியில் வைத்தாள்.

"அப்பா போயிட்டாருடி."

ஏர்போர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசல் காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, கவுன்ட்டர் மூடியாச்சு என்று திருப்பிக் கொடுத்தார். வந்த வழியே திரும்பி, பஸ் ஸ்டாண்டு போய், மதுரை பஸ்ஸில்தான் போனோம்.

காரியம் முடிந்து அவள் வந்தபோது மேனேஜர் எழுந்துகூட நிற்கவில்லை. "ஸோ சாரிம்மா" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "கொஞ்சம் முன்னாடியே கிளம்பியிருக்கலாம்ல?"

ஜெயந்தி அவரையே பார்த்தாள். "காலையிலயே கெளம்புறேன்னுதான சார் ஒங்க முன்னால வந்து நின்னேன்?"

மனுஷர் திரையைப் பார்க்க ஆரம்பித்தார். அவள் கம்பெனி கோட்டைக் கழற்றி அவர் மேசைமேல் போட்டுவிட்டு வெளியே வந்தாள். அன்றே ரூமைக் காலி செய்து ஊருக்குப் போய்விட்டாள்.

அந்தக் கம்பெனியும் இப்போது இல்லை. அங்கே அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்டன. லைனில் இருந்த பெண்கள் எந்தெந்த ஊரிலோ. ஓசூருக்கே ஏர்போர்ட் வரப்போகிறது என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். ஜெயந்தியின் பழைய நம்பர் இன்னும் எனக்கு மனப்பாடம். அடித்தால் யாரோ ஒருவர் எடுத்து, கன்னடத்தில், யார் வேண்டும் என்கிறார்.