சவரிமுத்து ஐயாவுக்கு ஒரு 'வாங்க'

செவ்வாய்க்கிழமை காலை கோயில் வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி வந்தது: "நம்ம சவரி செத்துட்டான். நாலு மணிக்கு அடக்கம்." எழுபத்திரண்டு வயதுப் பெரியவரை 'செத்துட்டான்' என்று போட்டவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். ஒருவருக்கும் உறுத்தவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். காலனித் தெருவைச் சேர்ந்த சவரிமுத்து அவர்கள் எங்கள் கோயிலின் உபதேசியார். சாமியார் வராத ஞாயிறுகளில் ஜெபம் நடத்தியவர். தச்சு வேலையும் தெரியும். கோயில் பெஞ்சுகள் எல்லாம் அவர் செய்தவை. மேல்தெருக்காரர்களான நாங்கள், நேற்றுப் பிறந்தவன் உட்பட, அவரை வா, போ என்றுதான் பேசுவோம். ஞானஸ்நானத் தண்ணீர் எங்கள் நெற்றியை நனைத்ததோடு சரி, நாக்குக்கு எட்டவில்லை.

ஒரு வருடம் பெரிய வெள்ளிக்கு வாசிப்புப் பயிற்சி. இயேசு பேசும் பகுதி எனக்கு. சவரிமுத்து அவர்கள் ஓரமாக ஒரு பெஞ்சுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"சவரி, சத்தம் போடாத. அப்புறமா அடி" என்றேன்.

சுத்தியலைக் கீழே வைத்தார். "சரிங்க. இப்ப படிச்சீங்களே, அவரு யாருங்க?"

"இதென்ன கேள்வி? ஆண்டவரு. கடவுளோட மகன்."

"அதுக்கு முன்ன தச்சு வேல செஞ்சவருங்க. நம்மூருக்கு வந்து உங்க வூட்டுக்கு ஒரு கதவு செஞ்சிருந்தா, எப்பிடிங்க கூப்புட்டிருப்பீங்க?"

நான் வாசிப்புத் தாளைப் புரட்டினேன்.

"வாங்கன்னு சொல்லியிருக்க மாட்டீங்க" என்றார், சாதாரணமாக. "அவரு யாருன்னு புஸ்தகத்துல மட்டும் தேடுனா போதாதுங்க."

அவருக்குக் கோபம் வரவில்லையே என்பதுதான் இன்று எனக்குக் கோபம். அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் 'சவரி' என்றே கூப்பிட்டேன். நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற பயம், வேறென்ன? போன மாதம் தருமபுரி ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும், "எப்பிடி இருக்க?" என்றுதான் கேட்டது இந்த வாய். எழுந்து உட்காரப் பார்த்தபடி, "நல்லா இருக்கேங்க" என்றார்.

கல்லறையில் கமிட்டித் தலைவர் என்னிடம் மைக்கை நீட்டினார். "சவரியப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லி முடிச்சிருப்பா. அவன் நல்லவன்."

"அவருன்னு சொல்லுங்க. இல்லைன்னா மைக்க நீங்களே வெச்சிக்குங்க."

கூட்டம் முறைத்தது. சவரிமுத்து அவர்களின் மனைவி ஆரோக்கியமேரி அம்மா மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இப்ப சொல்லி என்னங்க ஆவப்போவுது?" என்றார். நான் பெட்டியின் பக்கம் நகர்ந்தேன்.

சாவுக்கு வந்தவர்களை எங்கள் பக்கம் யாரும் 'வாங்க' என்று கூப்பிடுவதில்லை. தெரிந்தேதான், பெட்டியை இறக்கியதும் குனிந்து, ஒரு பிடி மண் போட்டுச் சொன்னேன்:

"போயிட்டு வாங்க, ஐயா."

அவரிடம் நான் சொன்ன முதல் 'வாங்க' அதுதான்.