அம்மாவின் தொழில்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு கிளினிக் இருக்கிறது. அதை ஒட்டினாற்போல என் மெடிக்கல் ஷாப். என் பெயர் ஏகாம்பரம். மருந்தோடு ஒரு ஜெராக்ஸ் மெஷினும் வைத்திருக்கிறேன். ஊரில் காய்ச்சல் இல்லாத மாதங்களில் அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. இந்த ஊரில் எனக்குப் பிடிக்காதவை நிறைய. முதலாவது, ஒருவரை அவர் இல்லாத ஒன்றாகக் கூப்பிடுவது. மருந்து எடுத்துக் கொடுக்கும் என்னை டாக்டர் என்பார்கள். பக்கத்துக் கிளினிக்கில் டோக்கன் எழுதும் ஷப்ரீனை நர்ஸம்மா என்பார்கள். நான் முறைப்பேன். அவள் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வாள்.

இந்தக் கதை தொடங்கும் போன வருடம் ஷப்ரீனுக்கு முப்பத்தொரு வயது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்து நல்ல மார்க் வாங்கியவள். ரிசல்ட் வந்த வருடமே நிக்காஹ் முடிந்துவிட்டது. கணவன் அப்துல் பாசித் பஜாரில் ஸ்டவ், குக்கர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஏழாவது படிக்கும் மகள் முஸ்கான், ஒன்றாவது படிக்கும் ஒரு பையன், மாமியார் ஜுனைதா. இவ்வளவுதான் குடும்பம்.

கிளினிக்கில் அப்போதே ஏழு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். டோக்கன் எழுத வந்தவள் பிரஷர் பார்க்கக் கற்றாள், கட்டுப் போடக் கற்றாள். கூட்டம் வழிந்த ஒரு நாளில் டாக்டர் "நீயே போட்டுடும்மா" என்று சொல்ல, ஊசியும் போட்டாள். அன்றோடு கைராசிக்காரி என்று பெயராகிவிட்டது. சாலவாக்கத்திலிருந்து வரும் எல்லம்மாள், டாக்டர் ஊசியை எடுத்தாலே கையை இழுத்துக்கொள்வாள். "நீ அப்பால போ நைனா, அந்தப் பொண்ணு போடட்டும்" என்று டாக்டரையே விரட்டுவாள்.

போன வருடம் ஜூன் மாதம், பள்ளிக்கூடப் படிவம் ஒன்றை ஜெராக்ஸ் எடுக்க முஸ்கானும் ஷப்ரீனும் கடைக்கு வந்தார்கள். மெஷினில் வைக்கும்போது என் கண்ணில் பட்டது. 'அம்மாவின் தொழில்' என்ற இடத்தில் நர்ஸ் என்று முஸ்கான் குண்டு குண்டாக எழுதியிருந்தாள். என் வாய் சும்மா இருக்குமா?

"இன்னாம்மா, எப்போ நர்ஸு ஆன? ஒரு ஸ்வீட்டு கூட குடுக்கல?"

முஸ்கானின் முகம் சுருங்கிவிட்டது. "எங்கம்மா நர்ஸுதான். எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்" என்றாள். ஷப்ரீன் ஜெராக்ஸை வாங்கி மடித்துக்கொண்டு போய்விட்டாள். பிள்ளை முன்னால் நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போதே வந்து நின்றாள்.

"அண்ணா, பொண்ணு எழுதினது பொய்யா இருக்கக் கூடாது. வேலையையும் விட முடியாது, வூட்டையும் விட முடியாது. சாயங்காலத்துல நர்ஸிங் சொல்லித் தர்ற எடம் எங்கனா கீதா?"

செய்த தப்புக்குப் பரிகாரமாக நான் தேட ஆரம்பித்தேன். பஸ் ஸ்டாண்டில் யாரோ கொடுத்த ஒரு நோட்டீஸ் கிடைத்தது. வெள்ளைத் தொப்பி வைத்த பெண்ணின் படம். 'வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படியுங்கள், ஒரே வருடத்தில் நர்ஸ்' என்று போட்டிருந்தது. அதைப் பெருமையாகக் கடைக் கண்ணாடியில் ஒட்டி அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தச் சனிக்கிழமையே பாசித்தின் பைக்கில் ஏறிப் போனாள். திரும்பி வந்ததும் என் மேஜைமேலிருந்த பிளேடை எடுத்து நோட்டீஸைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா, சீட்டு இல்லியா?"

"சீட்டு கீது. கிளாஸுதான் இல்ல. வராட்டியும் பரவால்லியாம், சர்டிபிகேட்டு வூட்டுக்கே வந்துடுமாம். கிளாஸுக்கே போகாத நர்ஸு ஊசி போட்டா நீங்க கையை நீட்டுவீங்களாண்ணா?"

நீட்ட மாட்டேன் என்றேன். சொன்ன பிறகுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. எந்தக் கிளாஸுக்கும் போகாமல் இத்தனை வருடமாக ஊசி போடுவது யார்? பிளேடைக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

பக்கத்தில் பெருநகர் என்ற ஊரில் கிராம செவிலியராக இருக்கும் பிரிஸ்கில்லா அக்கா வாரம் ஒருமுறை என் கடைக்கு வருவார். அவரிடம் விஷயத்தைச் சொல்லி ஷப்ரீனைக் கூப்பிட்டேன்.

"சாயங்காலம் மட்டும் போயி நர்ஸ் ஆக முடியாதும்மா" என்றார் பிரிஸ்கில்லா அக்கா. "அது மூணு வருஷம், பகல் முழுக்கப் படிக்கணும். முடியும்னு எவன் சொன்னாலும் நம்பாத. ஆனா காஞ்சிபுரத்துல ஒரு ஆஸ்பத்திரியில, வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு சாயங்காலத்துல ஒரு வருஷம் சொல்லித் தர்றாங்க. நர்ஸ் இல்ல, நர்ஸுக்கு உதவியாளர். அதை ஒழுங்கா முடிச்சேன்னா பெரிய படிப்புக்கு அவங்களே வழி சொல்வாங்க. உனக்கு இன்னும் வயசு தாண்டல."

உதவியாளர் என்றதும் ஷப்ரீனின் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு, எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். வாரத்தில் மூன்று நாள், ஐந்தரையிலிருந்து ஏழரை வரை வகுப்பு. அந்த மூன்று மாலையும் டோக்கன் எழுத, கிளினிக்கைப் பெருக்கித் துடைக்கும் நிஷா ஒத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் வந்து நின்று கூட்டிக்கொண்டு போவதாகப் பாசித் சொன்னான். மாமியார் ஜுனைதாதான் குறுக்கே நின்றார்.

"நீதான் ஏற்கெனவே நர்ஸாச்சே? இப்போ போயி படிச்சேன்னா, இத்தினி நாளு படிக்காமதான் ஊசி போட்டுக்கினு இருந்தியான்னு ஊரு கேக்காதா? இது இன்னா பேஜாரு?"

மாமியார் சொன்னது அத்தனையும் உண்மை. 'கேக்கட்டும் மாமி' என்று மட்டும் சொல்லிவிட்டு ஷப்ரீன் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாளாம்.

காஞ்சிபுரத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்த கதையை மறுநாள் என் கடை வாசலில் நின்று சொன்னாள். அங்கே பாடம் நடத்தும் மூத்த நர்ஸ் ஒருவர், ஏழு வருட அனுபவம் என்று படித்துவிட்டு, ஒரு தலையணையைக் காட்டி ஊசி போடச் சொல்லியிருக்கிறார். இவளுக்கா தெரியாது? மருந்தை ஏற்றினாள், குத்தினாள், எடுத்தாள், மூடியைத் திரும்பப் போட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டாள்.

"எனக்குக் கைராசின்னு எங்க ஊர்ல சொல்வாங்க மேடம்" என்று வேறு சொல்லியிருக்கிறாள்.

"கைராசி இருக்கட்டும். கையைக் கழுவினியா?" என்று கேட்டாராம் அந்த அம்மா.

இதைச் சொல்லும்போது ஷப்ரீனின் கண் கலங்கிவிட்டது. "அஞ்சு வேளைத் தொழுகைக்கும் ஒளு எடுக்கற கைண்ணா இது. மணிக்கட்டு, முழங்கை, ஒண்ணு விடாம மூணு மூணு தடவை கழுவுவேன். தொழுகைக்கு நிக்கறதுக்கு முன்னாடி கழுவணும்னு தெரிஞ்ச எனக்கு, ஒரு நோயாளியைத் தொடறதுக்கு முன்னாடி கழுவணும்னு ஏழு வருஷமா தோணவே இல்லியே. அந்த எல்லம்மாவை எத்தினி தடவை அப்படியே தொட்டிருப்பேன்."

சீட்டுப் போய்விட்டது என்றுதான் நினைத்திருக்கிறாள். எழுந்து கிளம்பாமல், அறை மூலையில் இருந்த குழாயடிக்குப் போய், "எப்படிக் கழுவணும்னு ஒரு தடவை காட்டிடுங்க மேடம். சேத்துக்காட்டியும் பரவால்ல, அதையாவது கத்துக்கினு போறேன்" என்றாளாம். அவர் பக்கத்தில் வந்து நின்று, விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் என்று பொறுமையாகக் காட்டியிருக்கிறார். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நாங்கள் சொல்லித் தந்து, போடலாம் என்று சொல்லும் வரைக்கும், நீ எங்கேயும் ஊசியைத் தொடக் கூடாது. சம்மதமானால் திங்கட்கிழமை வா.

சம்மதம் என்று வந்துவிட்டாள். அதைக் கிளினிக்கில் சொல்லத்தான் பயந்தாள். வேலை போய்விட்டால் பஸ்ஸேற வழி ஏது? அவள் சொன்னதும் டாக்டர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தானே ஊசி போட ஆரம்பித்தார். அது அவர் வேலைதானே! எல்லம்மாள்தான் கிளினிக்கையே இரண்டாக்கினாள்.

"படிக்கப் போனா திமிரு வந்துடுமா? உன் கைக்காகத்தாண்டி நான் சாலவாக்கத்துலேர்ந்து வரேன்!"

"என் கை எங்கயும் போகல ஆயா, இந்தா" என்று ஷப்ரீன் அவள் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அந்த நேரத்தில் குத்திவிட்டார். அதற்கும் கைராசி என்றே பெயர் வந்தது. இந்த ஊரைத் திருத்த முடியாது.

ஆகஸ்டில் வகுப்பு தொடங்கியது. மழையில் பஸ் நின்று போன நாளில்கூடப் பாசித் பைக்கை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வந்தான். வீட்டில் அவள் எல்லோரையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்து உயிரை வாங்கினாள். "நாங்கோ அஞ்சு வேளையும் கழுவிக்கினுதான் கீறோம், எங்களுக்கே சொல்லித் தரியா?" என்று ஜுனைதா சண்டைக்கு வந்தார். இப்போது அவரே, சமைக்குமுன் கட்டைவிரலைத் தனியாகத் தேய்க்கிறாராம்.

இந்த ஜூனில் மறுபடியும் படிவம் வந்தது. முஸ்கான் இப்போது எட்டாவது. பாட்டியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேராகக் கடைக்கு வந்தார்கள். முஸ்கான் மற்ற எல்லாவற்றையும் நிரப்பியிருந்தாள். 'அம்மாவின் தொழில்' மட்டும் காலியாக இருந்தது. போன வருடம் நான் கேட்ட கேள்வியை அந்தப் பிள்ளை மறக்கவில்லை. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நர்ஸுன்னே எழுது, யாரு கேக்கப் போறாங்கோ?" என்றார் ஜுனைதா.

ஷப்ரீன் என் பேனாவை வாங்கி, கண்ணாடி மேஜையில் படிவத்தை வைத்து, நிதானமாக எழுதித் திருப்பிக் காட்டினாள். மாணவி என்று எழுதியிருந்தாள்.

முஸ்கான் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

"அப்போ நர்ஸுன்னு எப்போம்மா எழுதுவோம்?" என்று கேட்டாள்.

"இந்தக் கிளாஸ் முடியணும். அப்பறம் மூணு வருஷம். நீ பன்னெண்டாவது போறப்போ நீயே எழுது."

முஸ்கான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு படிவத்தை எடுத்து நேராக என்னிடம் நீட்டி, "ஜெராக்ஸ் எடுங்க மாமா, எங்கம்மா எழுதினது நல்லா தெரியணும்" என்றாள்.