வேலப்பன்சாவடி மண்டபத்தில் விற்ற நாணயம்

என் தங்கையின் கணவர் என்னை வேலப்பன்சாவடியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். மேடையில் கோட்டுப் போட்ட ஒருவன் ஏதோ கிரிப்டோ நாணயம் விற்றுக்கொண்டிருந்தான். அது எந்தத் தொழில் செய்து லாபம் தருகிறது என்று எழுந்து கேட்டேன்.

“தொழில் எதுவும் இல்ல சார். உங்களுக்கு அப்பால வர்றவரு அதிக விலைக்கு வாங்கிக்குவாரு,” என்றான் கூசாமல்.

அதற்கும் கைதட்டினார்கள், மூடர்கள்.

மாப்பிள்ளை தங்கையின் வளையல்களை விற்று அதை வாங்கினார். நான்கே மாதத்தில், அந்த நாணயத்தை வைத்திருந்த செல்போன் ஆப் திறக்கவில்லை; போட்ட பணம் போயிற்று. விசாரிக்க வீட்டுக்குப் போன என்னிடம் மாப்பிள்ளை செல்போனில் இன்னொரு நாணயத்தைக் காட்டினார்.

“இது வேற மச்சான். நீயும் போடேன், இன்னா பயம்?”

“உன்னப் பாக்கவே அருவருப்பா கீது மாப்ளே,” என்றேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. தங்கையை மாங்காடு கோயிலில்தான் பார்க்கிறேன்.