செவக்காத தண்ணி

கிணற்றடியில், மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலையின் தோல் சால் காய்ந்துகொண்டிருந்தது. சேலத்திலிருந்து ஆத்தூர் போகிற சாலையில் பஸ் பழுதாகி நின்ற மதியம் அது. காற்று திரும்பி, அந்த ஈரத்தோல் வாடையை என்மேல் கொண்டுவந்து போட்டது. எருமைத்தோல், வெயில், கொஞ்சம் எண்ணெய். கூட வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் இறங்கிப் போய் அதன் பக்கத்தில் நின்றேன். இத்தனை வருஷம் ஆகியும் அந்த வாடையில் எனக்கு முதலில் வருவது பயம். பரிசல் அதற்குப் பிறகுதான் வருகிறது.

என்னைக் கட்டிக்கொடுத்தது காவிரிக் கரையில், குமாரபாளையத்துக்குச் சற்று மேலே. பிறந்தது வாழப்பாடிப் பக்கம், ஏரியில் மீன் பிடிக்கிற வீட்டில். இரண்டும் மீன் வீடுதான் என்று சொல்லித்தான் கட்டிவைத்தார்கள். எங்கள் விராலைச் சாம்பலில் புரட்டி, கல்லுப்பில் உரசி, மோரில் அலசி, குழம்பில் மாங்காயும் போட்டால்தான் சேற்று மணம் போகும். வந்த முதல் வாரம் அதே பழக்கத்தில் ஆற்றுக் கெண்டையை எடுத்துக்கொண்டு சாம்பல் குவியலிடம் போனேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏஞ்சாமி, அது குளிச்சுட்டுத்தான் வந்திருக்குது. உங்கூரு மீனாட்டச் சேத்துல பொரண்டுட்டா வருது?"

மாமா அதைக் கேட்டுவிட்டார். அன்று முதல் நான் அந்த வீட்டில் ஏரிக்காரி. "ஏரிக்காரி, தண்ணி கொண்டா." "ஏரிக்காரி, இது ஆறு, காலு வெச்சா இழுக்கும், பாத்து." கோபமாகச் சொன்னதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஒரு முள் குத்தும்.

மேட்டூரில் அணை எழுந்து முடிந்த புதிது. வைகாசி கழிந்து ஆனி பிறந்திருந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆறு எலும்பும் தோலுமாய்க் கிடந்தது. நடு ஆற்றில் பாறைகள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் இடுக்குகளில்தான் அந்த மாதத்தில் மீன் ஒதுங்கும். பெரிய பாறை ஒன்றில் மாமாவும் என் வீட்டுக்காரரும் காலையில் ஏறினால் வெயில் தாழத்தான் சாப்பிடத் திரும்புவார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் தண்டோரா வந்தது. விடிந்ததும் மேட்டூரில் தண்ணீர் திறக்கிறார்கள், யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று தெருத்தெருவாகச் சொல்லிப்போனார்கள். எங்கள் வாசலிலும் நின்று அடித்தார்கள். மாமா வலையின் அறுந்த கண்ணை முடிந்துகொண்டே கேட்டார்.

"தொறக்கட்டும். அது வர்றப்ப நமக்குத் தெரியாதா? செவந்துட்டு வரும். நொரை தள்ளும், தழை மெதக்கும். புது மண்ணு வாசம் மூக்கத் தொளைக்கும். செவப்பு கண்ணுல பட்டதும் பரிசல்ல ஏறுனா, ஒரு பொகையில போடற நேரத்துல கரை."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் கரையில் பிறந்தவர்கள் எல்லாரும் ஆற்றை அப்படித்தான் வாசித்தார்கள். வெள்ளம் என்றால் மலையிலிருந்து வருவது. மண்ணைக் கரைத்துக்கொண்டு வருவது.

நான் அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். களித் துடுப்பை நிறுத்தினேன். ஏரியில் மதகு திறந்தால் வாய்க்காலில் முதல் தண்ணீர் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். தேங்கித் தெளிந்த தண்ணீர், பச்சையாய், சில்லென்று, சத்தம் இல்லாமல் வரும். அணையும் ஒரு பெரிய ஏரிதானே?

"மதகுத் தண்ணி செவக்காது அத்தே," என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவளோ அதை உரக்கச் சொன்னாள். "ஏனுங்க, உங்க மருமக சொல்றதக் கேட்டீங்களா? ஆத்துத் தண்ணி செவக்காதாமா."

மாமா சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். "காவேரிக்கு மதகு வெச்சுட்டா ஏரிக்காரி," என்றார் மாமா. நான் துடுப்பை எடுத்துக்கொண்டேன். இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாய் திறந்தால் அந்தப் பெயர் வரும் என்று கூசினேன். அவ்வளவு சின்ன காரணம்.

விடிந்ததும் மாமாவும் என் வீட்டுக்காரரும் பாறைக்குப் போனார்கள். அக்கம்பக்கத்துப் பரிசல்கள் எல்லாம் ஜனத்தை ஏற்றிக்கொண்டு ஆற்றோடு கீழே பவானிச் சந்தைக்குப் போய்விட்டன. கரையில் நானும் அத்தையும்தான் மிச்சம்.

உச்சிப்பொழுதுக்கு அந்தப் பாறையில் என்ன நடக்கும் என்று சொல்லிவிட வேண்டும். தோல் பரிசல் நெடுநேரம் தண்ணீரில் கிடந்தால் ஊறித் தொளதொளத்துப் போகும். அதனால் வலை கட்டி முடித்ததும் அதைப் பாறைமேல் இழுத்துக் கவிழ்த்துக் காயப்போடுவார்கள். ஒரு பக்கம் கல்லை முட்டுக்கொடுத்து, அதன் நிழலிலேயே இருவரும் படுத்துக்கொள்வார்கள். கரையிலிருந்து பார்த்தால் ஒரு கறுப்பு ஆமை தூங்குவது போல இருக்கும். படுத்திருப்பவர்களுக்கு ஆறு தெரியாது. பாறையைச் சுற்றி எப்போதும் இரைச்சல், கூப்பிட்டால் கேட்காது.

அதனால் கரைக்கும் பாறைக்கும் நடுவே இரண்டே பேச்சுகள்தான். கூடையைத் தூக்கிக் காட்டினால் சோறு ஆயிற்று என்று பொருள். அதைப் பார்த்தாலும் கையை ஆட்டிவிட்டு இன்னும் நாலு மீன் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். மூங்கிலில் வெள்ளை வேட்டி ஏறினால் வீட்டில் ஒரு உயிர் போயிற்று. வலையை அறுத்துப் போட்டுவிட்டு அந்த நிமிஷமே வரவேண்டும். வெள்ளையை வெறுமனே ஏற்றக் கூடாது. ஏற்றிவிட்டால் அது ஓர் ஆளைக் கேட்கும் என்று அத்தை எனக்குச் சொல்லியிருந்தாள்.

காலையிலேயே நான் தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சி ஊன்றியிருந்தேன். ஏரிக்கரையில் என் அப்பன் செய்வது. யாரிடமும் சொல்லவில்லை. அம்மியில் கொத்தமல்லியும் தேங்காயும் அரைத்தேன், எழுந்து போய்ப் பார்த்தேன். புளியைக் கரைத்தேன், போய்ப் பார்த்தேன். குச்சி காய்ந்துகொண்டு நின்றது. எனக்கே சிரிப்பு வந்தது. குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்தேன். மீன் வருகிற நேரத்துக்குக் குழம்பு கொதித்துத் தயாராக இருக்க வேண்டும், அந்த வீட்டு முறை அது.

நாலாம் முறை போனபோது குச்சி இல்லை.

யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். இருந்தது, ஒரு சாண் ஆழத்தில், தண்ணீருக்குள் நேராக, முனையில் நான் சுற்றிய நார்கூடத் தெளிவாகத் தெரிந்தது. நுரை இல்லை, தழை இல்லை, வாசம் இல்லை. கால் வைத்தேன். ஆனி மாத வெயிலில் அந்தத் தண்ணீர் பனி மாதிரி இருந்தது.

"அத்தே, தண்ணி ஏறுது."

அவள் வந்து பார்த்தாள். நிறத்தைத்தான் பார்த்தாள். "வெள்ளையாத்தான இருக்குது."

"குச்சியப் பாருங்க."

அவள் குச்சியைப் பார்த்தாள். பிறகு பாறையைப் பார்த்தாள். பாறையின் கீழ்விளிம்பில் வெயிலில் வெளுத்துக் கிடந்த பட்டை காணாமல் போயிருந்தது. கறுப்பு ஆமை அசையாமல் தூங்கியது. அத்தை கூடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். தூக்கித் தூக்கி ஆட்டினாள். தொண்டை கிழியக் கத்தினாள். ஆற்றில் விழுந்து அந்தக் குரல் கரைந்தது. வெகு நேரம் கழித்து என் வீட்டுக்காரர் பரிசலுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். கூடையைப் பார்த்தார். கையை ஆட்டினார். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அந்தத் தண்ணீரைக் குடித்தார். குடித்தும் தெரியவில்லை.

வேலியில் மாமாவின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. நான் அதை உருவினேன். அத்தை என் முன்னால் வந்து நின்றாள்.

"வேண்டாம் புள்ள."

"வேற எதுக்கும் வரமாட்டாங்க அத்தே."

"அது உங்க மாமன் வேட்டி. தாலி கட்டுன களுத்தோட அதத் தூக்குவியா? அது ஆளக் கேக்குமே சாமி."

"தண்ணி ரெண்டு பேரக் கேக்குது."

அவள் விலகவும் இல்லை, தடுக்கவும் இல்லை. முகத்தை மூடிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். நான் மூங்கிலில் வேட்டியைக் கட்டி, முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று தூக்கினேன்.

யாரும் பார்க்கவில்லை. கை மரத்தது. மூங்கிலை இடுப்பில் ஊன்றிக்கொண்டேன். முழங்கால் தண்ணீர் தொடைக்கு வந்தது. ஓர் அடி பின்னால் வைத்தேன், மறுபடி தொடைக்கு வந்தது. பாறை சிறுத்துக்கொண்டே போனது. பின்னால் குழம்பு தீய்கிற வாடை வந்தது. எந்தச் சாமியை வேண்டினேன் என்று நினைவில்லை. பரிசலின் நிழலுக்குள் தண்ணீர் ஒரு விரல் நுழைந்து அவர்களைத் தொட வேண்டும் என்று வேண்டினேன். அது அவர்களைத் தொடும் முன்னே பரிசலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று உடனே பயந்தேன்.

மாமாதான் எழுந்தார். சோம்பல் முறித்தபடி கரைப்பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றார். குனிந்து மகனின் தோளைப் பிடித்து இழுத்தார். இருவரும் பரிசலைப் புரட்டினார்கள். வலையைப் பார்க்கவே இல்லை. அவர்கள் பயந்தது தண்ணீருக்கு இல்லை. வீட்டில் பிணம் கிடக்கிறது என்றுதான் துடுப்புப் போட்டார்கள். பாதி ஆற்றில் பரிசல் சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று. அதன் பிறகுதான் இழுப்பின் வேகம் அவர்களுக்கு உறைத்திருக்க வேண்டும். மாமா மண்டியிட்டுத் துடுப்பை நிமிர்த்திப் போட்டார். எங்களுக்கு வெகு கீழே, நாணல் புதரில் வந்து முட்டினார்கள். அங்கிருந்து ஓடிவந்தார்கள்.

"ஆரு?" என்றார் மாமா. அத்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆரு புள்ள?"

"ஆருமில்லீங்க," என்றாள் அத்தை.

அவர் கை ஓங்கியது. ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. என் வீட்டுக்காரர், "அப்பா," என்று ஆற்றைக் காட்டினார். பாறை இல்லை. அது இருந்த இடத்தில் தண்ணீர் சற்று மேடாக வழுக்கி ஓடியது, அவ்வளவுதான். வலையின் தக்கைகள் ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன.

மாமா ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீரை உள்ளங்கையில் அள்ளினார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கொட்டிவிட்டு மறுபடி அள்ளினார். கையின் ரேகை தெரிந்தது. வெகு நேரம் அதையே செய்துகொண்டிருந்தார்.

மாமா இடுப்பில் கட்டியிருந்த பையில் நாலு கெண்டை கிடந்தது. அடிப்பிடித்த குழம்பில் தண்ணீர் விட்டு அதைப் போட்டுக் கொதிக்கவைத்தேன். களியை வைத்து எல்லாரும் சாப்பிட்டோம். உப்புப் போட மறந்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

அன்று பொழுது சாயும்போது அத்தை அழுதுகொண்டே சொன்னாள். வெள்ளையை வெறுமனே ஏற்றினவள் மூன்று அமாவாசை அந்தக் கூரைக்கு வெளியே இருக்க வேண்டும், அப்போதுதான் கேட்டது மறந்து போகும். "உன்ன வேண்டாம்னு சொல்லல சாமி. எனக்குப் பயமா இருக்குது." என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

காலையில் என்னைப் பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோக வண்டி வந்தது. சங்ககிரி ரயிலடி வரை வண்டி, அங்கிருந்து ரயில். என் வீட்டுக்காரர் கூட வந்து என்னை விட்டுவருவதாக ஏற்பாடு. அத்தை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். மாமா மாட்டுக்கு முன்னால் நடந்தார், பக்கத்தில் நடந்தார், ஊர் எல்லைப் புளியமரத்தில் வண்டியின் பின்கட்டையைப் பிடித்து நிறுத்தினார். இரவெல்லாம் தூங்காத கண். என்னை நேராகப் பார்க்காமல், சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"உங்கூரு ஏரில மதகு தொறந்தா, தண்ணி எத்தினி நாழில ஏறும்?"

"மதகுல தண்ணி வர்ற கண்ணு எத்தனைங்கறதப் பொறுத்துங்க மாமா."

பின்கட்டையிலிருந்து கையை எடுத்தார்.

"மேட்டூருல எத்தினி கண்ணுன்னு போயிப் பாத்துட்டு வாரேன். நீ பத்தரமா போயிட்டு வா, சாமி."