பூனைக்கு ஏது சகுனம்

அந்தச் சாம்பல் பூனை வாசல் நடுவில் உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஒரு வீடே கூடி அதைச் சபித்துக்கொண்டிருந்தது. அதுவோ காலை முடித்துவிட்டு நிதானமாகக் காதைத் துடைக்க ஆரம்பித்தது. மேற்குத் தாம்பரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீடு அது. அறுபதுகளின் கடைசி. நான் மருமகளாக வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

என் நாத்தனாரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். என்னைவிட இளையவள், கொழுந்தனுக்கு மூத்தவள். புருஷன் காய்ச்சலில் போனதும் தாய்வீட்டுக்கே திரும்பிவிட்டாள். சோறு வடிப்பாள், கிணற்றுத் தண்ணீர் சுமப்பாள், அத்தனை பேர் துணியும் துவைப்பாள். அதற்கெல்லாம் அவள் கை ஆகும். ஆம்பிளைகள் கிளம்பும் நேரத்தில் அவள் முகம் மட்டும் ஆகாது. "உள்ள போடி" என்று மாமியார் குரல் கொடுப்பார். பெற்ற தாய்! கடைசிச் செருப்புச் சத்தம் தெருவில் தேயும்வரை அவள் சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பாள்.

அன்றைக்குக் கொழுந்தனைத் துறைமுகத்தில் வேலைக்காக நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் அவன் படி இறங்க, பூனை குறுக்கே போனது. "வந்து உக்காருடா. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பு" என்றார் மாமியார். எங்கள் பக்கம் அதுதான் பரிகாரம். உட்கார்ந்தான். பானையில் தண்ணீர் இல்லை. "தண்ணி எங்கடி?" என்று மாமியார் போட்ட கூச்சலில் நாத்தனார் கிணற்றடியிலிருந்து குடத்தோடு ஓடி வந்து அவன் எதிரிலேயே நின்றாள். போச்சு! பூனைக்குப் பரிகாரமாய் வந்த தண்ணீருக்கே இன்னொரு பரிகாரம். மறுபடி உட்கார்ந்தான். ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் போனவனுக்கு, நேரமாகிவிட்டது என்று துறைமுகக் கேட்டைத் திறக்கவில்லையாம்.

மத்தியானம் திரும்பி வந்தவன், "இவ மூஞ்சில முழிச்சா வேற இன்னா ஆவும்?" என்றான். அக்கா என்று கூப்பிட்ட வாய் அது. தடிமாடு மாதிரி இரண்டு தரம் நீ ஏனடா உட்கார்ந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பூனை வாசலில் வந்து உட்கார்ந்தது. மாமியார் துடைப்பத்தை வீசினார். அது ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து நக்கியது. அழுதுகொண்டிருந்த நாத்தனார் திடீரென்று சிரித்துவிட்டாள்.

"அண்ணி, இவன் வேலையா இவன் போறான், அது வேலையா அது போவுது. மனுசன் குறுக்க வந்துட்டான்னு அது எப்பனா திரும்பிப் போயி தண்ணி குடிச்சிருக்கா?"

மறுநாள் காலை மாமியார் குரல் கொடுத்தபோது அவள் முறத்தோடு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். "போறவங்க போங்க. நான் அரிசியில கல்லு பொறுக்கிக்கினு கீறேன்" என்றாள். என் வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு ஒதுங்கி இறங்கிப் போனார். சாயந்திரம் முழுசாகத்தான் திரும்பி வந்தார். அந்த வருஷமே அவள் பல்லாவரத்துத் தோல் கம்பெனியில் சேர்ந்து, காலையில் கிளம்புகிறவர்களில் தானும் ஒருத்தி ஆனாள்.

நாய்க்கு விசுவாசம் உண்டு, பூனைக்குக் கிடையாது என்பார்கள். விசுவாசமாக இருந்து அவள் கண்டது கதவின் பின்பக்கம்தான். தன்னைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது என்று பூனை காது கொடுப்பதில்லை. அதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நாம் படிப்பதெல்லாம் வேறு எதையோ.

நம்பாவிட்டால் இதைக் கேளுங்கள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பவில்லை. போன மாதம் மகன் புதுக் கார் எடுக்கக் கிளம்பினான். மருமகள் காலேஜ் படித்தவள். கையில் பூவோடு வந்து, "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க, அவர் கிளம்புற வரைக்கும் கொஞ்சம் உள்ள இருங்களேன்" என்றாள். எவ்வளவு மரியாதை! என் மகன் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

"சுத்திக்கினு போடா" என்றேன்.